பொக்சுன்ருவில் சம்பந்தி விருந்து

குவிரான் கரண்டியால் வாணலி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால், பொக்சுன்ரு சாப்பாட்டுக் கடையின் முன்கூடத்தில் பேச்சு அப்படியே நின்றுவிடும். யாருடைய சாப்பாடு தயாராகிவிட்டதோ என்று எல்லாத் தலைகளும் சமையலறை ஜன்னலை நோக்கித் திரும்பும். கொரியாவின் குன்சான் துறைமுகத்தின் பின்தெருவில் அந்தச் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. மீன் ஏலக்காரர்களும் கப்பல் பட்டறை ஆட்களும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்து, நாற்காலியை இழுக்கும்போதே நூடுல்ஸுக்குக் குரல் கொடுப்பார்கள்.

"சித்தி! ரெண்டு ஜாஜாங், ஒரு ஜாம்போங்! ஜாம்போங்ல காரம் தூக்கலா!"

"நான் போடுறதுதான் காரம். தூக்கலா வேணும்னா பக்கத்துக் கடைக்குப் போ!" என்று உள்ளிருந்து பதில் வரும்.

முன்கூடத்துக்கும் தொலைபேசிக்கும் அவள் கணவன் ஜேஷின்தான் பொறுப்பு. "இன்னும் வரலையே" என்று யாராவது போனில் கேட்டால் போதும். "கிளம்பியாச்சு, கிளம்பியாச்சு! இந்நேரம் உங்க தெருமுனைக்கு வந்திருப்பாங்க!" என்பான். அந்த நூடுல்ஸ் அப்போதுதான் மாவாகப் பலகையில் கிடக்கும். "யோவ், உன் வாயில உண்மைங்கிறது தப்பித்தவறிக்கூட வராதா?" என்று குவிரான் கத்துவாள். போனில் இருப்பவருக்கும் அது கேட்கும். இருந்தாலும் மறுநாள் அவரே மறுபடி போன் செய்வார்.

இந்தக் கடையைப் பற்றி ஊருக்கு ஒரே ஒரு குறைதான். மற்ற சீனக் கடைகளில் நாலு பேராகப் போய்க் கொஞ்சம் பெரிதாக ஆர்டர் செய்தால், வறுத்த கறிக்கொழுக்கட்டை ஒரு தட்டு சும்மா வரும். கொரியா முழுக்க அதுதான் வழக்கம். பொக்சுன்ருவில் மட்டும் வராது. சும்மாவும் வராது, விலைக்கும் கிடையாது. "ஏன் சித்தி இந்தக் கஞ்சத்தனம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "இங்க அது கிடையாது. பேசாம இருக்கிறதைச் சாப்பிடு."

குவிரான் பிறந்தது இஞ்சோன் நகரில், அவள் அப்பாவின் சீனச் சாப்பாட்டுக் கடைக்கு மேலிருந்த அறையில். தாத்தா காலத்தில் ஷான்டோங்கிலிருந்து படகேறி வந்த குடும்பம். கொரிய மண்ணிலேயே பிறந்து, கொரிய மொழியிலேயே சண்டை போட்டு வளர்ந்தும், அரசாங்கத்தின் கணக்கில் இன்றுவரை அவர்கள் வெளிநாட்டார்தான். அப்பாவின் சமையலறையில் வாணலி ஆண்பிள்ளைகளுக்கு. பெண்பிள்ளைகளுக்கு வெங்காயம். மூட்டை மூட்டையாக உரித்து வளர்ந்தவள் அவள். கண்ணீரையெல்லாம் அந்த வெங்காயத்துக்கே கொடுத்துவிட்டதால் வேறு எதற்கும் அழத் தன்னிடம் சரக்கில்லை என்று சொல்லிச் சிரிப்பாள்.

குன்சானில் ஜேஷினுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதும் வாணலி அவன் கையில்தான் இருந்தது. ஒரு குளிர்காலத்தில், பனி உறைந்த தெருவில் சாப்பாட்டுத் தகரப் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் சறுக்கி விழுந்தான். மணிக்கட்டு நொறுங்கியது. எலும்பு ஒருவழியாகக் கூடியது, ஆனால் அந்தக் கனத்த இரும்பு வாணலியைத் தூக்கி உலுக்கும் தெம்பு அந்தக் கைக்குத் திரும்பவில்லை. சம்பளத்துக்கு வந்த சமையல்காரர்கள் ஆளுக்கு ஒரு திமிரோடு வந்து, ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிப் போனார்கள். கடைசி ஆளும் போன மறுநாள் குவிரான் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன் போய் நின்றாள்.

"பொம்பளை கையில நெருப்பு நிக்காதும்மா. ஜாம்போங்குக்கு நெருப்பு வாசம் ஏறணும்" என்றார் மீன் ஏலக்கடைப் பெரியவர் ஒருவர்.

"சாப்பிட்டுட்டுப் பேசுங்க பெரியவரே."

அவர் சாப்பிட்டார். சிப்பியையும் கணவாயையும் பொறுக்கித் தின்று, சிவந்த சாறை அடிவரை குடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுந்து போனார். பேசவே இல்லை. மறுநாள் கூட நாலு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு இந்த ஊரில் பெண்பிள்ளை கை, ஆண்பிள்ளை கை என்று யாரும் வாய் திறந்ததில்லை. குவிரானின் முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்புகள் புள்ளி புள்ளியாக இருக்கும். கோடையில் அரைக்கைச் சட்டைதான் போடுவாள், மறைக்கவே மாட்டாள்.

அப்படிப்பட்டவளும் தடுமாறிய நாள் ஒன்று வந்தது.

அவளுக்கு ஒரே மகள். ஹேரிம் என்று பெயர். பக்கத்து நகரமான ஜோன்ஜுவில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அங்கேயே வேலை பார்க்கும் பாங் கியோங்மின் என்ற பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. பையன் தங்கமானவன். அவன் அம்மா ஒக்புன்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். "சீனக்காரங்க பொண்ணா? கடை வச்சிருக்காங்களா? சரி, நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். கொரியாவில் கல்யாணத்துக்கு முன் இரண்டு வீட்டாரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசியாக வேண்டும். அந்தச் சாப்பாடு கசந்தால் கல்யாணமும் கசந்ததுதான். ஒற்றைப் பிள்ளையான கியோங்மின் அம்மாவின் முகம் கோண எதையும் செய்கிறவன் இல்லை என்பதும் ஹேரிமுக்குத் தெரியும்.

"அம்மா, ஜோன்ஜுலயே ஒரு நல்ல ஓட்டல்ல தனி ரூம் எடுத்துடலாம்மா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றாள் ஹேரிம்.

"எவனோ சமைச்சதை எவனோ ரூமுல உட்கார்ந்து தின்னுகிட்டு, நான் யாருன்னு அவங்களுக்கு எப்படிடி காட்டுறது?"

"காட்டாட்டி என்னம்மா? அவங்க ஜோன்ஜுக்காரங்க. சோத்துல குத்தம் கண்டுபிடிக்கிறதுக்குன்னே பொறந்தவங்க."

"அப்போ இங்கதான் வரணும். குத்தம் கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம்."

ஹேரிமின் முகம் தொங்கிப்போனது. அவளுக்கும் அம்மாவின் பிடிவாதம் உண்டுதான். ஆனால் இந்த முறை விட்டுக்கொடுத்தாள். "கெடுத்துறாதம்மா" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை குவிரானின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் 'இன்று விடுமுறை' என்று அட்டை தொங்கியது. கப்பல் பட்டறைக்காரர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள். ஜேஷின் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு பொத்தான் போட முடியாமல் மூச்சைப் பிடித்தபடி நின்றான். உள்ளே விருந்துக்கென்று வாங்கிய கடல் அட்டை தண்ணீரில் ஊறிப் பூரித்திருந்தது. முழு மீன் மசாலாவில் கிடந்தது. விடியற்காலையே பூண்டுத்தழையும் பன்றிக்கறியும் வைத்து மடித்த கொழுக்கட்டைகள், வரிசையாக ஈரத்துணிக்கு அடியில் இருந்தன. கடையில் யாருக்கும் கிடைக்காத அதே கொழுக்கட்டைகள்தான்.

பாங் குடும்பத்தார் சரியான நேரத்துக்கு வந்தார்கள். ஒக்புன் வெளிர்நீல உடையில், பட்டுத்துணி சுற்றிய பலகாரக் கூடையோடு, நாற்காலியின் முன் விளிம்பில் உட்கார்ந்தாள். கண்கள் மேசையையும் சுவரையும் அளந்தன. "கடைக்காரம்மா ரொம்பச் சிரமப்படுறாங்க போலிருக்கே" என்றாள் ஜேஷினிடம். சம்பந்தி என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அவள் கணவர் பாங் தேசு வெள்ளந்தியான மனிதர். வாசனையை இழுத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

குவிரான் வணங்கிவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். மாவை எடுத்துப் பலகையில் ஓங்கி அடித்தாள். இழுத்தாள், முறுக்கினாள், மறுபடி அடித்தாள். இழைகள் இரண்டாகி நாலாகிக் கைகளுக்கு நடுவே பெருகிக்கொண்டே போயின. வெந்த நூடுல்ஸின்மேல், பொடியாக நறுக்கிய கறியும் வெங்காயமும் சேர்த்து வறுத்த கரிய சோயா விழுதை ஊற்றி, வெள்ளரிக்காய் தூவி, ஆளுக்கொரு கிண்ணமாக அனுப்பினாள். ஜேஷின் பெருமையோடு கொண்டுபோய் வைத்தான்.

பாங் தேசு கிண்ணத்தைப் பார்த்ததும் சாப்ஸ்டிக்கைப் பிரித்து, கிளறி, உறிஞ்சத் தொடங்கிவிட்டார். "அடடா! நான் பள்ளிக்கூடப் படிப்பை முடிச்ச அன்னிக்கு எங்கப்பா வாங்கிக் கொடுத்த ஜாஜாங் இப்படித்தான் இருந்துச்சு!" என்றார் வாய் நிறைய.

ஒக்புன் தொடவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "நாங்க டாக்ஸியை நிக்க வச்சுட்டு வரலீங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லை."

ஹேரிமுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீனக் கடையில் மரியாதையான விருந்து என்றால் முதலில் ஒவ்வொன்றாக வறுவலும் மீனும் வரவேண்டும், ஜாஜாங் கடைசியில் வயிற்றை நிரப்ப வரும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெறும் ஜாஜாங்கை எடுத்த எடுப்பில் வைப்பது, அள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு. அவள் எழுந்து சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா! என்னம்மா பண்ணி வச்சிருக்கே!"

"என்னடி பண்ணினேன்?"

"முதல்லயே ஜாஜாங்கை வச்சுட்டியே! பட்டறை ஆளுங்களுக்கு வைக்கிற மாதிரி! அந்தம்மா தொடவே இல்லை. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க!"

கரண்டி குவிரானின் கையில் அப்படியே நின்றது. இத்தனை வருஷமாகக் கடையில் ஒரு நாள்கூட இந்த வரிசையைத் தப்பவிட்டவள் இல்லை அவள். ஆனால் இன்று அவள் மனதில் கடையே இல்லை. அப்பா வீட்டில் தூரத்திலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும், செருப்பைக் கழற்றியதும் கையில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கொடுத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. அதைச் செய்வதாக நினைத்துச் செய்யவில்லை அவள், கை தானாகச் செய்துவிட்டது. ஜேஷினும் அந்த மாதிரி வீட்டில் வளர்ந்தவன்தான். அதனால் அவனுக்கும் உறைக்கவில்லை. வீட்டு ஆளாக உட்கார்ந்து சாப்பிட இதுவரை கொரியச் சொந்தம் என்று யாரும் வந்ததில்லையே.

ஜேஷின் வெலவெலத்துப்போய் ஜன்னலில் தலையை நீட்டினான். "எடுத்துட்டு வந்துடட்டுமா? தப்பா வந்துருச்சுன்னு சொல்லிடுறேன். மேசை மாறிப்போச்சுன்னு…"

"கடையில இன்னிக்கு ஒரே மேசைதான்யா இருக்கு! பொய் சொல்லாதே, நகரு."

கெடுத்துவிட்டோமோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. மகளின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பிறகு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு நேரே முன்கூடத்துக்கு வந்து ஒக்புனுக்கு எதிரே நின்றாள்.

"நூடுல்ஸை முதல்ல வச்சது கடை வழக்கப்படி தப்புதான். கடைக்கு வர்றவங்களுக்கு நான் அப்படி வைக்க மாட்டேன். எங்க வீட்டுக்கு வர்றவங்களுக்குத்தான் வைப்பேன்."

ஒக்புன் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க ஆளுங்க வீட்ல யாராவது வந்து இறங்கினா முதல்ல நூடுல்ஸ். நீளமா இருக்கும்ல, வந்தவங்க காலைச் சுத்திக் கட்டிப்போடும், சீக்கிரம் போக மாட்டாங்க. கிளம்புறப்போ கொழுக்கட்டை. பொட்டலம் மாதிரி மூடியிருக்கும், வழியில எதுவும் சிந்தாமப் போய்ச் சேருவாங்க. இதான் எங்க வழக்கம். நீங்க வாசல்ல நுழையறப்பவே உங்களை வீட்டு மனுஷங்கன்னு என் கை முடிவு பண்ணிருச்சு. என்னைக் கேக்கவே இல்லை. கோபம்னா என் கை மேல கோபப்படுங்க. என் பொண்ணு மேல வேண்டாம்."

பாங் தேசு வாயில் இருந்ததை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

"யாராவது சொன்னாத்தானே தெரியும்?" என்றாள் ஒக்புன், குரலில் இன்னும் விறைப்போடு. "ஜோன்ஜுல சம்பந்தம் பேச வந்தவங்க முன்னாடி ஒத்தைக் கிண்ணத்தை வச்சா, கதவு அந்தப் பக்கம்னு அர்த்தம்." சொல்லிவிட்டு சாப்ஸ்டிக்கைக் கையில் எடுத்தாள்.

குவிரான் சட்டென்று கிண்ணத்தைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்! இதைச் சாப்பிடாதீங்க."

"இப்ப என்னவாம்?"

"ஊறிப்போச்சு. ஊறின நூடுல்ஸை இந்தக் கையால யாருக்கும் வச்சதில்லை. உங்களுக்கா வைப்பேன்? புதுசா இழுக்கிறேன், இருங்க."

"அட, பரவாயில்லைங்கிறேன்…"

"எனக்குப் பரவாயில்லாம இல்லை!"

கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டாள். ஹேரிம் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒக்புன் நீல உடையின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அப்படி என்னதான் பண்றாங்கன்னு பார்த்துடுறேன்" என்று அவள் பின்னாலேயே போனாள்.

மாவு பலகையில் இடி விழுந்த மாதிரி அடிபட்டது. ஒக்புன் நிலைப்படியிலேயே நின்றாள். வாணலியில் விழுது விழுந்ததும் நெருப்பு குபீரென்று எழும்பிக் கூரையைத் தொட, "ஐயோ அம்மா!" என்று இரண்டடி பின்னால் துள்ளினாள். குவிரான் அசையவில்லை. வாணலியைத் தூக்கி உலுக்கிய கையில் அந்தத் தழும்புகள் நெருப்பு வெளிச்சத்தில் தெரிந்தன. ஒக்புன் அவற்றைப் பார்த்தாள்.

புதுக் கிண்ணம் வந்தது. கூடத்துக்குக் கொண்டுபோகவே இல்லை ஒக்புன். மாவுப் பலகை ஓரத்தில் நின்றபடியே கிளறி, உறிஞ்சினாள். உதட்டோரமெல்லாம் கறுப்பு. வெளிர்நீலச் சட்டையின் மார்பில் ஒரு சொட்டு. அதை அவள் கவனித்தாள், கவலைப்படவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் குவிரான். கேட்கக் கூடாதென்றுதான் நினைத்தாள், வாய் நிற்கவில்லை.

"இனிப்பு குறைச்சல்."

"எங்க வீட்டு ஜாஜாங் அப்படித்தான்."

"குத்தம்னா சொன்னேன்? எங்க ஊர்க் கடைகள்ல சர்க்கரையைக் கொட்டி ஏமாத்துறான். இதான் ருசி." கிண்ணத்தை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் இருக்கா?"

குவிரானுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இந்த வாணலி முன்னால் நின்ற அத்தனை வருஷமும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று தோன்றியது. வாணலி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாள். ஜேஷின் பொத்தான் தெறித்த கோட்டோடு ஓடிவந்தான். பிறகு வரிசையாகப் போயின: கடல் அட்டை, முழு மீன், வறுத்த பன்றிக்கறி. பன்றிக்கறிக்கு வைத்த புளிப்பினிப்புக் குழம்பைப் பாங் தேசு யாரையும் கேட்காமல் மொத்தமாக மேலே ஊற்றிவிட்டார்.

"அப்பா! தொட்டுச் சாப்பிடணும்ப்பா! மொறுமொறுப்பெல்லாம் போச்சு!" என்று கத்தினான் கியோங்மின்.

"ஊத்தித்தான்டா சாப்பிடணும். தொட்டுத் தின்றவனுங்க கோழைப்பயலுங்க."

"எங்க வீட்லயும் ஊத்தித்தான்" என்றான் ஜேஷின். அதோடு ஆண்கள் கட்சி கட்டிக்கொண்டு சோஜு மதுப் புட்டியைத் திறந்தார்கள். இரண்டு அம்மாக்களும் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது, கல்யாணத் தேதியையே அவர்கள் ஏறத்தாழ முடிவு செய்திருந்தார்கள்.

கிளம்பும் நேரம் வந்தது. குவிரான் ஈரத்துணியை விலக்கிக் கொதிக்கும் தண்ணீரில் கொழுக்கட்டைகளைப் போடப் போனாள். ஒக்புன் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"எங்களுக்கு வேண்டாம். நாங்க வீட்டு மனுஷங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரேயடியாக் கிளம்புறவங்க இல்லை, வந்து போய்க்கிட்டு இருக்கப் போறவங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க பொண்ணு கல்யாணமாகி எங்க வீட்டுக்குக் கிளம்புற அன்னிக்கு இதைப் போட்டு அனுப்புங்க, சம்பந்தி. நான் அங்க வாசல்ல நூடுல்ஸோட நிக்கிறேன்."

சம்பந்தி என்று அவள் சொன்ன முதல் தடவை அது. குவிரான் ஈரத்துணியைத் திரும்ப மூடிவிட்டுக் கேட்டாள்: "ஜோன்ஜுக்காரங்களுக்கு நூடுல்ஸ் இழுக்க வருமா?"

"வராது. வந்துரும்."

"வராது" என்று திருத்தினாள் குவிரான். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஹேரிம் இருவருக்கும் நடுவில் நின்று அழுதாள்.

கல்யாணம் வசந்தத்தில் நடந்தது. தேனிலவு முடிந்து தாய்வீட்டில் ஓர் இரவு தங்கி, ஹேரிம் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிய காலையில், குவிரான் கொழுக்கட்டைகளை வேகவைத்து மகளுக்கு வைத்தாள். கடைசிக் கொழுக்கட்டை வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "போதும்மா" என்றதற்கு, "வழியில சிந்தக் கூடாதுடி, தின்னு" என்றாள். கார் தெருமுனை திரும்பியதும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மதியக் கூட்டம் உச்சத்தில் இருந்தபோது தொலைபேசி அடித்தது. "கிளம்பியாச்சு, கிளம்பியாச்சு!" என்று பழக்கதோஷத்தில் கத்திய ஜேஷின், உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் போனை நீட்டினான். "ஜோன்ஜு."

"சம்பந்தி! நூடுல்ஸ் பாழாப்போச்சு!" என்றாள் ஒக்புன் மறுமுனையில். "ஒண்ணு கயிறு தண்டி, ஒண்ணு நூல் தண்டி. சமையலறை முழுக்க மாவு. ரெண்டு மாசமா ராத்திரி பகலா அடிச்சுப் பார்த்துட்டேன், எனக்கு வசப்பட மாட்டேங்குது. இவ வாசல்லயே நின்னு வாங்கி, ஒரு இழை விடாமத் தின்னுட்டா. இன்னும் கொஞ்சம் இருக்கான்னு வேற கேக்குறா!"

குவிரான் வாணலியை இறக்கிவைத்தாள். கன்னத்தில் நீர் வழிந்தது. ஜேஷின் எட்டிப் பார்த்தான். "என்ன, வெங்காயமா?"

"அழுறேன்யா. பார்த்தாத் தெரியலை?"

கரண்டியை எடுத்து வாணலி விளிம்பில் ஓங்கித் தட்டினாள். கூடம் முழுக்க அமைதியானது. எல்லாத் தலைகளும் ஜன்னலுக்குத் திரும்பின.

"என் பொண்ணு போய்ச் சேர்ந்துட்டா! அவ மாமியார் தன் கையால நூடுல்ஸ் இழுத்து வாசல்லயே கொடுத்து வரவேத்திருக்காங்க! ஜோன்ஜுக்காரம்மா!"

மேசைகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். சந்தடி சாக்கில் கப்பல் பட்டறைக்காரன் ஒருவன் எழுந்து நின்றான்.

"அப்போ இன்னிக்காவது எங்களுக்குச் சும்மா கொழுக்கட்டை உண்டா சித்தி?"

"கொழுக்கட்டை கிளம்பிப் போறவங்களுக்கு" என்றாள் குவிரான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீங்க எங்கடா போகப் போறீங்க? நாளைக்கும் இங்கதானே வந்து நிப்பீங்க! உட்காரு, ஜாஜாங் வருது."